மெக்மில்லன் ரோடு

இந்த வாரம் உங்களை ஒரு பிக்னிக்குக் கூட்டிப் போகப் போகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். திங்கள்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்ல வேண்டாம். போகிற இடம் ஆஸ்திரேலியா. விசா, டிக்கெட் பற்றியெல்லாம் கவலைப்படாதீர்கள். இது காகிதப் பயணம். பெட்ரோல் செலவு என்னுடையது.

விக்டோரியா மாநிலம். தலைநகர் மெல்பர்னிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் டார்கோ என்று ஒரு குக்கிராமம் வரும். ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், 1898ல் கட்டிய ஒரு விடுதி, ஊரைச் சுற்றி வால்நட் மரங்கள். அவ்வளவுதான் ஊர். அந்த விடுதி வாசலில் எட்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. லேண்ட்குரூசர், பேட்ரோல், லேண்ட்ரோவர், ஒரு ஜீப். எல்லாம் ஃபோர் வீல் டிரைவ். ஒவ்வொன்றின் தலையிலும் கூடாரம், தண்ணீர் கேன், மண்வெட்டி, உபரி டயர். பார்த்தால் ஏதோ படையெடுப்புக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவர்கள் பரம சாது. ஒரு பல் டாக்டர், ஒரு பிளம்பர், ஒரு வங்கி அதிகாரி, ரிட்டயர்டு வாத்தியார் தம்பதி. வார நாளில் டை கட்டிக்கொண்டு டிராஃபிக்கில் நிற்பவர்கள். வார இறுதி வந்தால் சேறு தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த மாதிரி கிளப்புகள் அந்த மாநிலம் முழுக்க உண்டு. சும்மா நாலு பேர் சேர்ந்து ஊர் சுற்றுகிற கதை இல்லை. கறாரான விதிகள் இருக்கின்றன. தனியாகப் போகக்கூடாது. தடத்தைவிட்டுச் சக்கரம் இறங்கக்கூடாது. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் மரம் விழுந்து கிடந்தால் ரம்பம் எடுத்து அறுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போதாக்குறைக்கு, ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முடியும்வரை பெரும்பாலான மலைத்தடங்களுக்கு அரசாங்கம் கேட் போட்டுப் பூட்டிவிடும். ஈர மண்ணில் வண்டி ஏறினால் பாதையே வாய்க்காலாகிவிடும் என்பதுதான் காரணம். ஆகவே நவம்பர் பிறந்ததும் கிளப்காரர்களுக்குக் கால் தரையில் நிற்காது.

நீங்கள் ஐந்தாவது வண்டியில், டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கிளம்புமுன் ஒரு விதியை மட்டும் தெரிந்துகொண்டுவிட வேண்டும். வரிசையில் முதல் வண்டிக்குத் தலைவர் இருப்பார். கடைசி வண்டிக்கு 'டெயில் எண்ட் சார்லி' என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களின் வால் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். எதாவது ஒரு வண்டி சேற்றில் மாட்டினால் ரேடியோவில் சொல்வார். பாதை பிரிகிற இடம் வந்தால், உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டி கண்ணில் படுகிறவரை நீங்கள் நின்றுதான் ஆக வேண்டும். பின்னால் வருகிறவரைப் பார்க்காமல் திரும்பக்கூடாது.

இந்த விதி கட்டுரை முடிவில் தேவைப்படும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன ஃபோர் வீல் டிரைவ்? சாதாரண காரில் இஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். அந்த இரண்டும் சேற்றில் வழுக்கினால் ஆட்டம் குளோஸ். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனால், ஒன்று வழுக்கினாலும் இன்னொன்று பிடித்து இழுக்கும். கூடவே 'லோ ரேஞ்ச்' என்று இன்னொரு கியர் வரிசை. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற ஏற்பாடு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், இஞ்சினின் பிடியிலேயே ஆமை மாதிரி இறங்கலாம். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கிவிடும்.

இந்த ஜாதி வண்டியைப் பரப்பியது யுத்தம். 1940ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. காடு மேடெல்லாம் ஏறுகிற சின்ன வண்டி ஒன்று உடனே வேண்டும். எல்லோரும் தயங்க, பாண்டம் என்கிற சின்னக் கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியது. ஆர்டரில் பெரும்பங்கு போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். போர் முடிவதற்குள் சுமார் ஆறரை லட்சம் ஜீப்புகள் தயாராகிவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நம்மூரில் மஹிந்திரா தயாரித்த ஜீப்பும் அந்த வில்லிஸ் வாரிசுதான்.

1948ல் இங்கிலாந்திலிருந்து லேண்ட்ரோவர் வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஆஸ்திரேலிய மலைகளில் ஸ்னோயி நீர்மின் திட்டம் ஆரம்பமானது. பனி உருகி வரும் ஆறுகளைக் குடைந்து திருப்புகிற, கால் நூற்றாண்டு நீண்ட வேலை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்பட ஒரு லட்சம் பேர் உழைத்தார்கள். அங்கே கான்ட்ராக்ட் எடுத்த லெஸ்லி தீஸ் என்பவர் 1950களின் கடைசியில் ஜப்பானிலிருந்து சில டொயோட்டா லேண்ட்குரூசர்களை இறக்குமதி செய்தார். யுத்தத்தில் எதிரி நாடாக இருந்த ஜப்பானின் வண்டி. முகம் சுளித்தவர்கள் பிறகு அதையே வாங்கினார்கள். இன்று உங்களுக்கு முன்னால் போகிற வண்டி, அந்த வம்சம்.

சரி, வண்டி கதை போதும். பாதைக்கு வருவோம்.

டார்கோவை விட்டு வடக்கே மலை ஏறுகிறது ரோடு. ஒரு திருப்பத்தில் இடதுபுறம் பிரிகிறது மண் சாலை. பலகையில் பெயர் எழுதியிருக்கிறது. மெக்மில்லன் ரோடு.

இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள். வாசனை பழக்கமானதாக இருக்குமே? இருக்கும். ஊட்டியில் தைலம் காய்ச்சுகிற மரத்தின் பூர்வீகம் இந்தத் திசைதான். 1840களில் நீலகிரிக்குக் கப்பலேறி வந்தது.

கொஞ்ச தூரத்தில் வரிசை நிற்கிறது. இறங்கிப் பாருங்கள் என்கிறார் தலைவர். பார்க்க என்ன இருக்கிறது? மரம், புதர், ஒரு தகவல் பலகை, தள்ளி ஒரு சுடுகாடு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

இந்த இடத்தின் பெயர் கிராண்ட். 1860களின் நடுவில் சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர். பத்துக்கும் மேற்பட்ட மதுவிடுதிகள், வங்கிகள், கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், சொந்தமாக ஒரு செய்தித்தாள். எல்லாம் இங்கேதான் இருந்தன. நீங்கள் நிற்பது மெயின் பஜாராகக்கூட இருக்கலாம்.

காரணம் தங்கம். 1851ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகமே கப்பல் ஏறியது. பத்து வருடத்தில் சமவெளியில் சுலபமாகக் கிடைத்ததெல்லாம் தீர்ந்துபோக, கூட்டம் மலைப்பக்கம் திரும்பியது. 1860ல் அரசாங்கம் ஆல்ஃபிரட் ஹோவிட் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் குரூக்கட் ஆற்றில் அவர்கள் தங்கம் பார்த்தார்கள். 1864 வாக்கில் பாறைக்குள் தங்க ரேகை தென்பட்டது. உடனே ஜனம் குவிந்தது. வங்கி வந்தது. பங்குகள் விற்றார்கள். தங்கத்தைவிடப் பங்குப் பத்திரம் அதிகம் வெளிவந்தது என்று சொன்னால் தப்பில்லை. சில வருடத்தில் ரேகை மெலிந்தது. வந்த வேகத்தில் கூட்டம் கலைந்தது. வீடுகள் மரத்தால் ஆனவை. மழையும் கரையானும் காட்டுத்தீயும் மீதியைப் பார்த்துக்கொண்டன. செத்தவர்கள் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

நான் படித்தது பி.காம். பழக்க தோஷத்தில் எங்கே போனாலும் ஒரு கேள்வி வரும். சரக்கு எப்படி வந்தது? ரயில் கிடையாது. ஆறு கப்பல் போகிற ஆறு இல்லை. 2,000 பேருக்கு மாவு, பன்றி இறைச்சி, பீர், வெடிமருந்து, மண்வெட்டி எல்லாம் இந்த மலை உச்சிக்கு எந்த வழியாக வந்தன?

பொதிக்குதிரை. குதிரைக்குப் பாதை வேண்டும். பாதை போட ஆள் வேண்டும். அங்கேதான் வருகிறார், பலகையில் இருக்கிற மனிதர்.

ஆங்கஸ் மெக்மில்லன். 1810ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். 1838ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். கடவுள் பயம் நிறைந்தவர், உழைப்பாளி. வறட்சியில் தவித்த முதலாளிக்குப் புது மேய்ச்சல் நிலம் தேடி மலையைத் தாண்டித் தெற்கே வந்தார். கூட வழிகாட்டியாக வந்தவர் ஜெம்மி கிப்பர் என்கிற பழங்குடி மனிதர். 1840ல் கீழே பச்சைப் பசேலென்று சமவெளியைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து 'கலிடோனியா ஆஸ்ட்ராலிஸ்' என்று பெயர் வைத்தார். தெற்கத்தி ஸ்காட்லாந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் பின்னாலேயே வந்த ஸ்ட்ரெஸெலெக்கி என்கிற போலந்துக்காரர், அப்போதைய கவர்னர் கிப்ஸின் பெயரை வைத்தார். கவர்னர் பெயருக்கு எதிரே எது நிற்கும்? கிப்ஸ்லாண்ட் என்றே நிலைத்துவிட்டது.

மெக்மில்லன் பெரிய பண்ணைக்காரர் ஆனார். சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். பிறகு கடனில் எல்லாம் போனது. 1864ல் அரசாங்கம் ஒரு வேலை கொடுத்தது. மலையிலிருக்கும் தங்க வயல்களை இணைத்துத் தடம் வெட்ட வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் கோடரியோடு கிளம்பினார். பனி, மழை, செங்குத்துச் சரிவு. கிழக்கே ஓமியோ பக்கத்திலிருந்து மேற்கே வுட்ஸ் பாயின்ட் வரைக்கும் தடம் போனது. வேலை முடிகிற சமயத்தில் ஒரு பொதிக்குதிரை இடறி அவர்மீது விழுந்தது. உள்காயம். சிகிச்சைக்காக ஊர் திரும்பும் வழியில், 1865 மே 18 அன்று, இகுவானா கிரீக் என்கிற இடத்தில் ஒரு விடுதியில் இறந்துபோனார்.

கடைசிவரை பாதை வெட்டிச் செத்த மனிதர். நினைவுத்தூண்கள் வைத்தார்கள். நாடாளுமன்றத் தொகுதிக்கே பெயர் வைத்தார்கள். அவர் வெட்டிய தடத்தை ஒட்டி சுமார் 220 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. இந்த மண் சாலைக்கும் அவர் பெயர். நியாயம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை முடிப்போம்.

கிராண்டிலிருந்து லோ ரேஞ்சில் போட்டு, மலைமுதுகு ஒன்றின் வழியாக உருண்டு உருண்டு இறங்கினால் டால்பட்வில். அதுவும் ஒரு காலத்துத் தங்க ஊர். இப்போது புல்வெளியும் ஆற்றங்கரையும்தான். கூடாரம் அடித்தாயிற்று. விறகு எரிகிறது. இறைச்சி வேகிறது. இந்த இடத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் யாராவது ஒருவர் தவறாமல் ஆரம்பிக்கிற கதை ஒன்று உண்டு. வொனங்காட்டா கொலைகள்.

1917 டிசம்பர் 20. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்களைக் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்பலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. மலைக்கு அந்தப்பக்கம் வொனங்காட்டா பண்ணையின் மேனேஜர் ஜிம் பார்க்ளேயும், புதிதாகச் சேர்ந்த சமையல்காரர் ஜான் பாம்ஃபோர்டும் ஓட்டுப் போடக் குதிரையேறி இதே டால்பட்வில்லுக்கு வந்தார்கள். ராத்திரி இங்கேயே தங்கினார்கள். மறுநாள் காலை கிளம்பிப் போனார்கள். அப்புறம் இருவரையும் யாரும் உயிரோடு பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பக்கத்துப் பண்ணைக்காரரான ஹாரி ஸ்மித் தபால் கொண்டுபோனார். பக்கத்துப் பண்ணை என்றால் குதிரையில் ஒரு நாள் தூரம். வீட்டில் யாருமில்லை. கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது, இன்று இரவு வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று. காத்திருந்து பார்த்துவிட்டுத் தபாலை வைத்துவிட்டு வந்துவிட்டார். பிப்ரவரியில் மறுபடி போனார். தபால் வைத்தது வைத்தபடி இருந்தது. பார்க்ளேயின் நாய் பட்டினியில் எலும்பும் தோலுமாக நின்றது. தேடினார்கள். ஓடைக்கரையில் மண்ணில் பாதி புதைந்து பார்க்ளேயின் உடல் கிடைத்தது. முதுகில் துப்பாக்கிச் சூடு.

சமையல்காரனைக் காணோம். அப்புறமென்ன, கொலைகாரன் அவன்தான் என்று முடிவு கட்டினார்கள். ஊர் ஊராகத் தேடினார்கள். குளிர்காலம் போய்ப் பனி உருகியதும், நவம்பரில், மேலே ஹோவிட் சமவெளியில் மரக்கட்டைக் குவியலுக்கு அடியில் கிடைத்தது பாம்ஃபோர்டின் உடல். தலையில் குண்டு. அப்படியானால் இருவரையும் கொன்றது யார்? மாடு திருடர்களா? பார்க்ளேக்காகப் பழி தீர்த்த யாராவதா? நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. புத்தகங்கள் வந்துவிட்டன. ஆளாளுக்கு ஒரு துப்பறியும் மூளை.

கதை கேட்டு முடித்ததும் நெருப்பைச் சுற்றி ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் இதை யோசித்துப் பாருங்கள். 1917ல் கொல்லப்பட்ட இரண்டு பேரின் பெயர் நமக்குத் தெரியும். என்றைக்கு ஓட்டுப் போட்டார்கள், எங்கே தூங்கினார்கள், கதவில் என்ன எழுதியிருந்தது எல்லாம் தெரியும். அந்த நாயின் பெயர்கூடத் தெரியும். பேரன்.

இப்போது பலகை மனிதருக்கு வருவோம்.

1843. கிப்ஸ்லாண்ட் சமவெளியில் ரொனால்ட் மக்கலிஸ்டர் என்கிற ஸ்காட்லாந்துக்காரரைப் பழங்குடிகள் கொன்றார்கள். ஏன் கொன்றார்கள்? மூன்று வருடத்துக்கு முன்புவரை அந்த நிலம் அவர்களுடையது. குனைக்குர்னை மக்கள். ஐந்து குலங்கள். பல்லாயிரம் வருடமாக அங்கே வாழ்ந்தவர்கள். திடீரென்று ஆடும் மாடும் வந்து இறங்கின. கங்காரு மேய்கிற புல், தண்ணீர்க் குட்டை, கிழங்கு நிலம் எல்லாம் கைமாறின. கேட்காமலே. எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். பதிலுக்கு ஈட்டி பறந்தது. அந்த வரிசையில் ஒரு சாவு, மக்கலிஸ்டர்.

பழிவாங்க ஸ்காட்லாந்துக்காரர்கள் சுமார் இருபது பேர் குதிரையில் கிளம்பினார்கள். வாரிகல் கிரீக் என்கிற ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த கூட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். தண்ணீரில் குதித்தவர்களைத் தலை தூக்கும்போதெல்லாம் சுட்டார்கள். பெண்கள், குழந்தைகள் என்கிற கணக்கெல்லாம் இல்லை. செத்தது எத்தனை பேர்? அறுபதிலிருந்து நூற்றைம்பது வரை சொல்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எதுவும் கிடையாது.

அந்தக் குதிரைப்படையை நடத்திச் சென்றவர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லும் பெயர், ஆங்கஸ் மெக்மில்லன்.

போலீஸ் விசாரணை? இல்லை. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1838ல் நியூ சவுத் வேல்ஸில் மயால் கிரீக் என்கிற இடத்தில் 28 பழங்குடிகளை வெட்டிக் கொன்றதற்காக ஏழு வெள்ளையர்களைத் தூக்கில் போட்டார்கள். குடியேறிகள் அதிர்ந்துபோனார்கள். கொல்லக்கூடாது என்று அவர்கள் பாடம் படித்திருக்கலாம். படித்த பாடம் வேறு. வெளியே சொல்லக்கூடாது! வாரிகல் கிரீக் அப்படித்தான் ஊமைக் கதையானது. 1925ல் ஒரு சிறு பத்திரிகையில் யாரோ புனைபெயரில் எழுதிய கட்டுரையில்தான் விவரமாக வெளியே வந்தது. எண்பது வருடம் கழித்து. 1980களில் பீட்டர் கார்ட்னர் போன்ற ஆய்வாளர்கள் தோண்ட ஆரம்பித்த பிறகே ஊர் பேசத் தொடங்கியது.

இத்தனைக்கும் பிற்கால மெக்மில்லன் பழங்குடிகளிடம் அன்பாக நடந்துகொண்டவர், பண்ணைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டவர் என்றும் பதிவு இருக்கிறது. பிராயச்சித்தமா, வேறு மனசா, தெரியாது. ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் இருப்பது வரலாற்றில் புதிதில்லை. பாதை வெட்டிய கை நிஜம். துப்பாக்கி பிடித்த கையும் நிஜம். நினைவுத்தூண் முதல் கைக்கு மட்டும் வைத்தார்கள் என்பதுதான் பிரச்னை. எந்த ஆடிட்டரும் ஒரு பக்கம் மட்டும் எழுதிய லெட்ஜரில் கையெழுத்துப் போடமாட்டார்.

தூங்குங்கள். நாளை பெரிய ஏற்றம் இருக்கிறது.

ஞாயிறு. ஆற்றைக் கடந்து, மலைமுதுகில் ஏறி, மறுபுறம் இறங்கினால் வொனங்காட்டா பள்ளத்தாக்கு. நாலா பக்கமும் மலை. நடுவே பச்சைப் புல்வெளி. பார்க்ளேயின் வீடு 1957ல் எரிந்துபோனது. சின்ன மயானம் ஒன்று மிச்சம். இவ்வளவு உள்ளடங்கிய இடத்துக்கு வண்டி வருகிற அளவுக்குத் தடம் எப்படி வந்தது? தங்கமும் மாடும் குதிரைப் பாதையோடு சரி. புல்டோசரைக் கூட்டிவந்தவை இரண்டு. ஒன்று மரம். இன்னொன்று நெருப்பு.

1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. மெல்பர்னில் வெயில் 45.6 டிகிரி. பல வாரமாக அங்கங்கே புகைந்துகொண்டிருந்த தீயெல்லாம் காற்றில் ஒன்று சேர்ந்தது. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஜலதோஷத்துக்குத் தடவுகிறோம். காட்டுத்தீக்கு அது பெட்ரோல். கிட்டத்தட்ட இருபது லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 71 பேர் இறந்தார்கள். மெக்மில்லன் தடம் போய் முடிகிற வுட்ஸ் பாயின்ட் ஊர் ஏறக்குறைய முழுசாகச் சாம்பல். 69 மரமறுக்கும் ஆலைகள் காலி. அந்த ஆலைகள் காட்டுக்கு நடுவிலேயே இருந்தன. தொழிலாளிகள் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார்கள். தப்பி ஓடச் சாலை கிடையாது.

நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் என்றால் நமக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. இவர் வேறு மாதிரி. தீ வைத்தது மனிதக் கைதான் என்று பட்டவர்த்தனமாக எழுதினார். அந்த அறிக்கைக்குப் பிறகு காட்டைப் பராமரிக்கிற முறையே மாறியது. தீயணைப்புக்குப் பாதைகள், கண்காணிப்புக் கோபுரங்கள் வந்தன. போர் முடிந்ததும் புல்டோசர்களும் மரம் ஏற்றும் லாரிகளும் சேர்ந்துகொண்டன. மலையெங்கும் தடங்கள். இன்று கிளப்காரர்கள் உல்லாசமாக ஏறி இறங்கும் தடங்களில் பெரும்பகுதி அப்படிப் பிறந்தவை. தீக்கும் மரத்துக்கும் போட்ட பாதை. பொழுதுபோக்கு பின்னால் வந்த உபயோகம்.

1989ல் இதெல்லாம் ஆல்பைன் தேசியப் பூங்கா ஆனது. ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேல். 2005ல் பூங்காவுக்குள் மாடு மேய்க்கும் உரிமையை மாநில அரசு நிறுத்தியது. நூற்றைம்பது வருடமாக மேய்த்த குடும்பங்கள் கொதித்துப்போய்க் குதிரையேறி மெல்பர்ன் வந்து ஊர்வலம் நடத்தினார்கள். தாத்தா காலத்திலிருந்து எங்கள் மலை, எங்களை வெளியேற்ற நீங்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் எங்கோ கேட்ட மாதிரி இல்லை? 1840ல் குனைக்குர்னை மக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருப்பார்கள். எழுதிவைக்க ஆளில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து ஸீகா ஸ்பர் என்கிற தடம் வழியாக வளைந்து வளைந்து ஏற்றம். உச்சியில் ஹோவிட் சமவெளி. பாம்ஃபோர்டின் உடல் கிடைத்த இடம் இந்தப் பக்கம்தான். சாயங்கால வெளிச்சத்தில் பழுப்பு நிற அந்துப்பூச்சி ஒன்று கண்ணாடியில் மோதினால் துடைத்துவிடாதீர்கள். போகாங் அந்துப்பூச்சியாக இருக்கலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வரை பறந்து இந்த மலைக் குகைகளுக்குக் கோடையைக் கழிக்க வரும். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிகிறது என்று 2025ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மனிதர்களும் பின்னாலேயே வந்தார்கள். கொழுத்த பூச்சி, வறுத்தால் நல்ல சத்து. புக்கன் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குகையில் கிடைத்த அரைக்கும் கல்லில், சுமார் 2,000 வருடப் பழைய போகாங் பூச்சியின் மிச்சம் ஒட்டியிருந்தது. குனைக்குர்னை மக்களோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது.

அப்படியானால் இந்த மலையில் முதல் தடம் போட்டது யார்? மெக்மில்லனுக்கே வழி காட்டியது யார்?

சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2010ல் பெடரல் கோர்ட் குனைக்குர்னை மக்களின் பூர்வீக உரிமையை அங்கீகரித்தது. மெக்மில்லன் தொகுதியின் பெயரை எடுத்துவிட்டு, 2019 தேர்தலில் மோனாஷ் என்று மாற்றிவிட்டார்கள். இங்கே தங்கம் கண்ட ஆல்ஃபிரட் ஹோவிட் பிற்காலத்தில் குனைக்குர்னை மக்களோடு பல வருடம் உட்கார்ந்து அவர்களுடைய உறவுமுறை, சடங்கு, மொழி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1880ல் அது புத்தகமாக வந்தது. அந்த மக்களே தங்கள் மொழியை மீட்க முனைகிறபோது கைகொடுப்பவற்றில் அந்தக் குறிப்புகளும் சேர்த்தி. தங்கம் தேடி வந்தவர் விட்டுப்போன உருப்படியான சொத்து அதுதான் என்பேன்.

ரோட்டுப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டுமா? என்னைக் கேட்டால், வேண்டாம். பிடுங்கினால் இரண்டு கையும் சேர்ந்து மறந்துபோகும். பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கலாம். வாரிகல் கிரீக், 1843 என்று. கிராண்டில் காணாமல்போன மதுவிடுதிகளுக்கு விளக்கம் எழுதிவைக்க இடம் இருக்கிறதென்றால், இதற்கும் இருக்கும்.

தார் ரோடு வந்துவிட்டது. எல்லோரும் இறங்கி, மலைக்காகக் குறைத்த டயர் காற்றை மறுபடி ஏற்றுகிறார்கள். முகமெல்லாம் புழுதி. தலைவர் ரேடியோவில் கேட்கிறார், எல்லோரும் வந்தாயிற்றா? பதிலில்லை. யாரும் வண்டியை எடுக்கவில்லை. பத்து நிமிடம் போகிறது. மெல்பர்ன் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, மறுநாள் ஆபீஸ் இருக்கிறது, ஆனாலும் அசையவில்லை. கடைசியில் மேலே வளைவில் ஒரு ஜோடி விளக்கு தெரிகிறது. டெயில் எண்ட் சார்லி.

எட்டு வண்டியும் இருக்கிறது, கிளம்பலாம் என்கிறார் அவர்.

இந்தச் சின்ன விதியைப் பல் டாக்டரும் பிளம்பரும் வாராவாரம் கடைப்பிடிக்கிறார்கள். பின்னால் வருகிறவர் கண்ணில் படாமல் நகராதே. சரித்திரம் எழுதியவர்கள் முதல் வண்டியில் ஏறி வேகமாகப் போய்விட்டார்கள். வாரிகல் கிரீக்கில் விடுபட்டவர்களுக்காக யாராவது அந்தத் திருப்பத்தில் நின்றே ஆக வேண்டும். நூற்றெண்பது வருடம் தாமதமானாலும்.